காரைக்காலில் மூன்றாம் பத்து

1979 டிசம்பர், திங்கட்கிழமை காலை. காரைக்கால் பேருந்து நிலையத்தில் வேளாங்கண்ணி வண்டிக்காகக் காத்திருக்கிறேன். கையில் அம்மா விட்டுப்போன ஜெபமாலை. அதில் திங்கட்கிழமைகளில் மூன்றாம் பத்து மணிகள் இயேசுவின் பிறப்புக்கு. பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் காரைக்கால்மேட்டு அம்மாள் என் உதடுகளையே பார்க்கிறார்.

"என்னம்மா சொல்லிக்கிட்டே இருக்கீங்க?"

"ஜெபங்க. ஏசுசாமி மாட்டுத் தொழுவத்துல பொறந்தத நெனச்சுக்கிட்டே சொல்லணும்."

"தொழுவத்துலயா?" அவர் முகம் சுருங்குகிறது. "பெத்தவளுக்குப் பால்சுறாப் புட்டு செஞ்சு குடுக்க யாரு இருந்தா? பால் ஊறணும்ல?"

சிறுவயதிலிருந்து இந்தப் பத்தில் நட்சத்திரத்தையும் ஆடுகளையும் பாலனையும்தான் நினைத்திருக்கிறேன். மாதா சாப்பிட்டார்களா என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

தம்பி பிறந்த வாரம் நினைவுக்கு வருகிறது. அம்மா பாயில் படுத்தபடியே ஜெபமாலை சொல்கிறாள். அடுப்படியில் அத்தை பூண்டு தட்டிப் போட்டுச் சுறாவைக் கிளறுகிறாள். அந்த வாசனையில் எங்களுக்கு ஜெபம் ஓடவில்லை. அம்மா கண்ணைத் திறக்காமலே அதட்டுகிறாள்.

வண்டி வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்றாம் பத்தை முதல் மணியிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். இந்தமுறை தொழுவத்தில் அடுப்பு எரிகிறது. அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள்.