பிரித்துத் தைத்த தரை

கொத்தனார் குளியலறைக்குள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். காலால் தரையை ஒரு தட்டு தட்டினார்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

"எதுக்கு?"

"வேலையப் பத்திப் பேசணும்ல."

"என்கிட்ட பேசுங்க."

"உங்களுக்குப் புரியாதும்மா. அண்ணன் தம்பி இருந்தா வரச் சொல்லுங்க. அவங்ககிட்ட பேசிக்கறேன்."

அவர் படியிறங்கிப் போனார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

தெருவில் அவளுக்கு டெய்லரக்கா என்று பெயர். முன்னறையில் மெஷின், வெட்டும் மேசை, கொக்கிகளில் தைத்து முடித்த துணிகள். கணவர் போன பிறகு அந்த அறைதான் அவளை நிறுத்தி வைத்திருந்தது. குளியலறைதான் கிளப்பப் பார்த்தது. தரை வழியே இறங்கிய தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டியது. கீழ்வீட்டு மீசைக்காரர் முதலில் அவளிடம் சொன்னார். பிறகு அவளுடைய அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது.

"தனியா ஒரு வீட்டைக் கட்டி மேய்க்க உன்னால முடியாதும்மா. எங்க வீட்டுக்கு வந்துடு. இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தாச்சு. உன் மெஷினை மாடிப்படிக்குக் கீழ போட்டுக்கலாம்."

"அங்க உன் பழைய சைக்கிள் நிக்குதே."

"அதை ஓரமாத் தள்ளிக்கலாம்."

"அப்புறம் என்னையும்."

"ஏடாகூடமாப் பேசாத. மச்சான் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"அவர் இருக்கும்போதுதான் அண்ணே ஒழுக ஆரம்பிச்சது."

உண்மைதான். கணவர் நல்லவர். எது உடைந்தாலும் கம்பியால் கட்டுவார். குழாய்க்குக் கம்பி, ஜன்னல் கதவுக்குக் கம்பி, நாற்காலிக் காலுக்குக் கம்பி. அவர் போய்விட்டார். கம்பிகள் இருந்தன. காரியங்கள் முடிந்த கையோடு, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று வீட்டின் இன்னொரு சாவியை அண்ணன் வாங்கித் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார். அன்றிலிருந்து மணி அடிக்காமல்தான் உள்ளே வருவார்.

கொத்தனார் போன மறுநாள் அவள் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். உளி, சுத்தியல், கரணை, சிமெண்ட், கசிவைத் தடுக்கும் பூச்சு, டைல்ஸ், டைல்ஸ் வெட்டும் மெஷின், மட்டம் பார்க்கும் ரசமட்டம்.

"கொத்தனார் எழுதிக் குடுத்தாரா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. நானே போடப் போறேன்."

கடைக்காரர் அவளுடைய கையைப் பார்த்தார். விரலில் ஊசி குத்திய தழும்புகள். ஒரு ஜோடி கையுறையையும் எடுத்து வைத்தார்.

போனில் வீடியோ பார்த்தாள். அதில் பேசியவனின் மொழி புரியவில்லை. அவனுடைய கைகள் புரிந்தன.

பழைய தரையைப் பெயர்ப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்தது. குளிப்பதை அடுக்களை மூலைக்கு மாற்றிக்கொண்டாள். பூச்சை இரண்டு தடவை அடித்துக் காயவிட்டாள். டைல்ஸ் வெட்டும்போது கை பழக்கதோஷத்தில் ஓரத்துக்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டது. துணியென்றால் தையலுக்கு வேண்டும். மூன்று டைல்ஸ் சுவருக்கும் சுவருக்கும் நடுவில் இறங்காமல் முட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அதன் பிறகு கை பழகிவிட்டது. கோணலை அவள் கண் பொறுக்காது. காலர் நூலிழை இறங்கியிருந்தாலும் பிரித்துவிடுகிறவள். ஒவ்வொரு டைல்ஸின் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுக்கோட்டில் நிற்கும்வரை தட்டினாள். கடைசி டைல்ஸைப் பதித்ததும் கண்ணை மூடிக்கொண்டு தரையைத் தடவிப் பார்த்தாள். இஸ்திரி போட்டதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மணி அடிக்காமல் வந்தார். அக்குளில் மடித்த அட்டைப்பெட்டிகள். பின்னாலேயே மீசைக்காரர்.

"என்னமோ நீயே தரை போட்டியாமே?"

"பாரு."

அண்ணன் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. வாளியில் இருந்த தண்ணீரைக் கவிழ்த்தார்.

தண்ணீர் பரவியது. சுவரோரம் வரை போனது. அங்கேயே நின்றது. மூலையில் தண்ணீர் போகும் ஜாலி இருந்தது. அந்தப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று பேரும் அதில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாட்டம் எங்கம்மா?" என்றார் மீசைக்காரர். "தண்ணி ஓடறதுக்கு ஜாலிப் பக்கம் சரிவா இறக்கணும். அதுதான் வாட்டம். இது என்ன, ஹாலா?"

அவள் பார்த்த வீடியோ ஹாலுக்குத் தரை போடுகிற வீடியோ. அது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அண்ணன் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு மனசு விட்டுச் சிரித்தார். "ரெண்டு மீன் வாங்கி விடும்மா. நல்லா வளரும்." பிறகு அட்டைப்பெட்டியை விரித்தார். "சரி, விளையாடினது போதும். பாத்திரத்தை எல்லாம் எடு. நான் கட்டறேன்."

அவள் முன்னறைக்குப் போனாள். பாத்திரம் எடுக்கப் போகிறாள் என்று அண்ணன் நினைத்தார். சுத்தியலோடும் உளியோடும் வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். நடு டைல்ஸில் உளியை வைத்து அடித்தாள். அது வெடித்தது.

"ஏய்! என்ன பண்ற? பைத்தியமா உனக்கு?"

"தையல் தப்பாயிடுச்சு. பிரிக்கறேன்."

"இது துணியா?"

"தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைப்பேன். கடையைப் பூட்டிட்டுப் போக மாட்டேன்." அடுத்த டைல்ஸை அடித்தாள். "தள்ளி நில்லு அண்ணே, கண்ணுல தெறிக்கும்."

மீசைக்காரர் முதலில் நழுவினார். அண்ணன் வாசலில் நின்று கத்தினார்.

"ஒண்ணாம் தேதி வாடகைக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள கீழ ஒரு சொட்டு விழுந்தாலும் நானே வந்து பூட்டுறேன். என்கிட்ட சாவி இருக்கு."

"விழலைன்னா?"

"விழலைன்னா பார்க்கலாம்."

"பார்க்கலாம் இல்ல. விழலைன்னா அந்தச் சாவி என்கிட்ட வந்துடணும்."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். அட்டைப்பெட்டிகளை விட்டுவிட்டுப் போனார். உடைந்த துண்டுகளை அள்ளிப்போட அவை வசதியாக இருந்தன.

இரண்டாவது முறை அவள் அவசரப்படவில்லை. உளி கிழித்த இடங்களில் மறுபடி பூச்சு அடித்தாள். ஜாலியின் நடுவில் ஒரு குச்சியை நட்டு, அதிலிருந்து சுவர்களுக்கு நூல் கட்டினாள். மூலைக்கொரு நூல், இடையில் ஒரு நூல். சுவர்ப் பக்கம் உயர்த்தி, ஜாலிப் பக்கம் இறக்கினாள். எழுந்து நின்று பார்த்தபோது சிரிப்பு வந்தது. குடைபோல விரியும் பாவாடையைத் தரையில் விரித்துப் போட்டதுபோல இருந்தது. எத்தனை பாவாடை வெட்டியிருப்பாள். இடுப்பில் குறுகி, கீழே விரியும் துண்டுகள். ஜாலிதான் இடுப்பு.

பெரிய டைல்ஸை அப்படியே பதிக்காமல், நூலுக்கும் நூலுக்கும் நடுவில் இருந்த இடத்தின் அளவில் காகிதம் வெட்டினாள். காகிதத்தை வைத்து டைல்ஸை வெட்டினாள். தையலுக்கு இடம் விடவில்லை. ரசமட்டத்தின் குமிழி ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அதை அப்படியே விட முதலில் கை கூசியது. கூசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒண்ணாம் தேதிக்கு முன்னாலேயே அவள் அண்ணனுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். மீசைக்காரரைத் தன் வீட்டிலேயே நின்று கூரையைப் பார்க்கச் சொன்னாள். நிரப்பிய வாளிகள் வரிசையாக இருந்தன.

"ஊத்து" என்றாள் அண்ணனிடம்.

அவர் ஊற்றினார். தண்ணீர் சுவரோரம் வரை போய், யோசித்து, திரும்பியது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜாலியை நோக்கி வந்து, சுழன்று, சத்தத்தோடு இறங்கியது. அவர் அடுத்த வாளித் தண்ணீரை ஓங்கி அடித்தார். அதுவும் போனது. கடைசி வாளி முடிந்தபோது அவருடைய வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"என்னங்க, சொட்டுதா?" என்று ஜன்னல் வழியாகக் கீழே கத்தினார்.

"இல்ல!"

"நல்லாப் பாருங்க!"

"நாற்காலி போட்டு ஏறித் தடவிட்டே நிக்கறேங்க. காஞ்சு கிடக்கு!"

அண்ணன் குனிந்து தரையைத் துழாவினார். கதவோரத்தில் ஒரு டைல்ஸ் மற்றவற்றைவிட நூலளவு தூக்கி நின்றது. கண்டுபிடித்துவிட்டார்.

"இது சரியில்ல."

"தெரியும்."

"காலை இடிக்கும்."

"என் காலைத்தானே."

அவர் முன்னறைக்கு வந்து வேட்டியைப் பிழிந்தார். கம்பி கட்டிய ஜன்னலைப் பார்த்தார், கம்பி கட்டிய நாற்காலியைப் பார்த்தார்.

"இன்னைக்குத் தரை. நாளைக்கு வேற ஏதாச்சும் உடையும். அப்போ என்ன பண்ணுவ?"

"உடையும் அண்ணே. வீடுன்னா உடையும்."

கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். சிமெண்ட் தின்ற விரல்கள், தேய்ந்த நகங்கள். பிறகு பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்தார். வளையம் இறுகியிருந்தது. நகத்தை நுழைத்து நெம்பினார், வரவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தார்.

"பிறகு கழட்டித் தரேன்" என்றார்.

அவள் மெஷின் டிராயரைத் திறந்து, தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்து நீட்டினாள்.

"இதால நெம்பு. நான் நிக்கறேன்."