இரண்டு ஸ்பூன் ஜெல்லி

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் சில மாதங்கள் குடியிருந்தவர் ஒரு ஹோட்டலில் இனிப்பு செய்பவர். பருத்த உடம்பு, குழந்தை முகம். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூ அச்சில் உறையவைத்த ஜெல்லி கொண்டுவந்தார். அந்தக் காலத்து விருந்துகளில் வைப்பார்களாம். உள்ளே சிவந்த கிரேப்ஃப்ரூட் சுளைகள், பம்பளிமாஸ் போல லேசான கசப்பு. அம்மா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, கொழுப்புக்கான மாத்திரையைப் பிரித்தாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அத்தப் போடாதீங்கம்மா. இந்தப் பழம் சில மாத்திரைக்கு ஆவாது. கேக்காம குடுத்துட்டேன்."

அம்மா மாத்திரையைத் திரும்ப வைத்துவிட்டாள்; ஆனால் தினமும் போடுகிற மாத்திரை, நேற்றுப் போட்டது உடம்பில் இருக்குமே என்று பயந்தேன். அம்மாவைப் பார்க்கும் விழுப்புரம் டாக்டர் போனை எடுக்கவில்லை. அம்மா லேசாக இருமினாலும் எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

சாயங்காலம் டாக்டரே கூப்பிட்டார். இரண்டு ஸ்பூனுக்கு ஒன்றும் ஆகாது, இனிமேல் அந்தப் பழம் வேண்டாம் என்றார்.

"நல்லாத்தான்பா இருந்துச்சு. நீ போய்ச் சாப்பிடு, மதியத்துலேர்ந்து பயந்துக்கினே குந்திக்கினு இருக்கிற" என்றாள் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிகாலை கதவைத் திறந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா எழுந்துட்டாங்களா?"

எழுந்துவிட்டாள் என்று சொல்லியும் அவர் நகரவில்லை. அம்மா கோலம் போட வெளியே வந்தாள். அவள் குனிந்து முதல் புள்ளியை வைத்த பிறகுதான் எழுந்து வேலைக்குப் போனார். முன்பு அவர் கையால் சாப்பிட்ட யாருக்கு என்ன நேர்ந்ததென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.