கறுப்புக் கரை போட்ட கடிதம்

எங்கள் வீட்டில் கறுப்பு என்றால் தங்கம். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒன்பது வயது வரைக்கும் எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். அப்பா பட்டுப் புடவைக் கரைகளுக்கு டிசைன் வரைகிறவர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் மற்றவர்கள் எல்லாம் தறியில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் ஜன்னலோரம் மேசை போட்டுக்கொண்டு, சின்னச் சின்னக் கட்டம் அடித்த தாளில் இந்தியன் இங்க்கால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருப்பார். வெள்ளையாக விட்ட கட்டம் வெறும் பட்டு. கறுப்பாக நிரப்பிய கட்டம் ஜரிகை. தாளில் கறுப்பாக நிற்கிற மயில், சில மாதம் கழித்து யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் புடவையில் பொன்னாக மின்னும். அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டுதான் நான் என் சித்தப்பாவைக் கொல்லப் பார்த்தேன்.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டு, தறியில் உட்கார மாட்டேன் என்று மூன்று வருஷம் அடம்பிடித்தவர். கடைசியில் பினாங்கில் நம் ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் வைத்திருந்த ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் ஊருக்கு வரக்கூடாது, வந்தால் திரும்பப் போக முடியாது. கல்யாணமாகி ஆறே மாதத்தில் கப்பல் ஏறினார். அவர் போன பிறகுதான் சித்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. சித்திக்குத் தாய் இல்லை, அதனால் பிரசவமும் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாயிற்று.

பதினைந்து நாளைக்கு ஒரு தரம் பினாங்கிலிருந்து கடிதம் வரும். உள்ளே இருப்பதைவிட அந்தக் கவர்தான் எனக்கு முக்கியம். ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாகச் சாய்ந்த கோடு போட்டிருக்கும். அப்படி ஒரு கரையை எங்கள் தெருவில் எந்தத் தறியிலும் நான் பார்த்ததில்லை. கடிதத்தில் இருப்பதோ சப்பென்று இருக்கும். இங்கே தினமும் மழை. தோசை கிடைக்கிறது, சட்னி சரியில்லை. அப்புறம் கேள்விகள். தெருக்குழாயில் தண்ணீர் இப்போது எத்தனை மணிக்கு வருகிறது? எதிர்வீட்டு மாடு கன்று போட்டதா? கன்று என்ன நிறம்? கடல் கடந்து போன மனுஷன் விமானம், கார், பெரிய பெரிய கட்டடம் என்று எழுதாமல் கன்றுக்குட்டியின் நிறத்தைக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே எரிச்சல். ஒரு தடவை அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். அம்மா, "கன்னுக்குட்டி செவலைன்னு மறக்காம எழுதச் சொல்லு உங்கப்பாவ" என்றாள்.

ஆவணியில் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. தந்தி கொடுக்கலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"தந்தின்னு பாத்தாலே அவன் செத்துப் பூடுவான். தன்னந்தனியா கெடக்கிறான். பொறுமையா லெட்டரே போடலாம், சந்தோஷமா படிப்பான்" என்றார்.

அந்த நாளில் எங்கள் தெருவுக்குத் தந்தி வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். சைக்கிளில் தந்திக்காரர் வந்தாலே நாலு வீட்டில் பெண்கள் வயிற்றில் கையை வைத்துக்கொள்வார்கள். அப்பா தம்பியின் மனசு நோகாமல் யோசித்துத்தான் செய்தார். இளநீல ஏரோகிராம் தாள் ஒன்றை வாங்கிவந்து, பக்கம் நிறைய எழுதி, வெளியே விலாசமும் எழுதி, அவசரமாக யாரையோ பார்க்கக் கிளம்பிவிட்டார். மிச்சத்தை என்னிடம் விட்டார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, மடித்து ஒட்டி, தபால்பெட்டியில் போட வேண்டியது.

மஞ்சளை உள்பக்கம் நாலு மூலையிலும் சரியாக வைத்தேன். மடித்து ஒட்டினேன். ஒட்டிய பிறகு அதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. சித்தப்பா அனுப்புகிற கவருக்கு எவ்வளவு அழகான கரை! நாங்கள் அனுப்புவதோ மொட்டையாக, வேட்டித் துண்டு மாதிரி. பட்டு நெய்கிற ஊரிலிருந்து, அதுவும் கரை வரைகிறவர் வீட்டிலிருந்து, பிள்ளை பிறந்த சேதி கரையில்லாமல் போவதா? அப்பாவின் மேசையில் இங்க் புட்டியும் பிரஷும் ஸ்கேலும் இருந்தன. விலாசத்தைச் சுற்றி நாலு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுப்பாகக் கரை போட்டேன். ஒரு இடத்தில்கூட வழியவில்லை. மேலே புடவைக் கரையில் வருகிற மாதிரி கோபுரம் கோபுரமாக வைக்க ஆசைதான், ஆனால் தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது. என் மனசுக்குள் அது கறுப்பு இல்லை, அசல் ஜரிகை. ஊதி ஊதிக் காயவைத்து, ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

சாவுச் சேதிக் கடிதத்துக்குத்தான் கறுப்பு ஓரம் வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மாதிரிக் கடிதம் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதே இல்லை. அப்பா தெருவில் நின்றபடியே படித்து, அங்கேயே சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வருவார். குழந்தைகளை அந்தப் பக்கம் அண்ட விடமாட்டார்கள். கெட்டது எங்கள் கண்ணில் படக்கூடாது என்று அவ்வளவு கவனமாக வளர்த்தார்கள்.

பதில் வரவில்லை. பதினைந்து நாள் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. முதலில் எல்லோரும் கடிதம் தாமதம் என்றார்கள். அப்புறம் பேச்சு மெதுவாக மாறியது. அந்தப் பக்கம் போனவர்கள் சிலர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்வதுண்டு என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொல்லி, அது சித்தியின் காதில் விழுந்துவிட்டது. சித்தி சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினாள். குழந்தைக்குப் பால் போதவில்லை. "புள்ள பொறந்த சேதிக்குக் கூட ஒரு வரி இல்லியேக்கா" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். எனக்கு இருந்த கவலை வேறு. கோபுரம் வைக்காததால் சித்தப்பாவுக்குக் கரை பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

ஐப்பசியில், தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். தெருவெல்லாம் தறிச்சத்தம். பண்டிகைக்குள் புடவையைக் கொடுத்துவிட வேண்டுமென்று யாரும் நிமிரக்கூட இல்லை. நான் வாசலில் தனியாகப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒருவர் துணிப்பை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தாடி. சட்டையெல்லாம் அழுக்கு. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, சித்தப்பா.

"வாங்க சித்தப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் அவரைக் கன்னத்தில் அறைந்தது மாதிரி என்னைப் பார்த்தார். சாவு வீட்டில் யாரும் யாரையும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். அந்த வார்த்தையைத்தான் நான் தெருவே கேட்கும்படி சொல்லியிருந்தேன். அதற்குள் எதிர்வீட்டு நெசவாளி தறியை விட்டு எழுந்து வந்து, "அட, பினாங்குக்காரரு! இன்னாப்பா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?" என்று சிரித்தார். சித்தப்பா அந்தச் சிரிப்பையும் புரியாமல் பார்த்தார். எங்கள் வாசலில் காலே வைக்கவில்லை. தெரு நடுவில் நின்றார்.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார்.

"டேய்! இன்னாடா இது கோலம்? உள்ள வாடா மொதல்ல."

"யாருண்ணா?" என்றார் சித்தப்பா.

"யாருன்னா இன்னாடா அர்த்தம்?"

"அவளா, கொழந்தையா? மறைக்காம சொல்லிடுண்ணா. ரெண்டு பேருமா?"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். என் கடிதம். வியர்வையில் நைந்து போயிருந்தது. கறுப்புக் கரை மட்டும் அப்படியே இருந்தது. ஒட்டிய இடம் ஒட்டியபடி இருந்தது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

கறுப்பு ஓரத்தைக் கண்டதும் அப்பாவின் இரண்டு கையும் பழக்கத்தில் தானாகவே கிழிக்கப் போயின. ஒரு ஓரம் கிழிந்தும் விட்டது. அப்புறம்தான் விலாசம் தன் கையெழுத்து என்று பார்த்து நிறுத்தினார். அப்பா அப்படிப் பயந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சித்தியின் குரல் கேட்டது. பின்கட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா வாசல்ல? யாரு வந்திருக்கிறது?"

சித்தப்பா தெருவில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. கால் இரண்டும் காணாமல் போனவர் மாதிரி மண்ணில் விழுந்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. தீபாவளி வாரத்தில் எங்கள் தெரு அப்படி அடங்கிப் போனது அந்த ஒரு தடவைதான்.

சித்தி ஈரக் கையோடு, எண்ணெய் வழிகிற குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். புருஷனைப் பார்த்ததும் இரண்டு மாதக் கோபமும் வந்துவிட்டது.

"ஒரு வரி எழுதக் கூடவா கையில்ல உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் இருந்த நிலையைப் பார்த்தாள். அப்புறம் அவளும் அங்கேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா குழந்தையைத் தொடவில்லை. அது மூச்சு விடுகிறதா என்பது போல வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கிழிந்த ஓரத்தைப் பிடித்து ஏரோகிராமைப் பிரித்தார். நாலு மூலையிலும் நான் வைத்த மஞ்சள் காய்ந்து தூளாகி சித்தப்பாவின் மடியில் கொட்டியது. "தாயும் பிள்ளையும் நலம், நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே" என்று தான் எழுதியதைத் தானே ஒரு தரம் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு இதுல கறுப்பு வெச்சது?"

"நான்தாம்பா. கரை போட்டேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அறை விழுந்தது. அப்பா என்னை அடித்த முதல் அடி. வலியைவிட அதிர்ச்சிதான் பெரிதாக இருந்தது, அழுவதற்குக்கூட மறந்துவிட்டேன். இரண்டாவது அடி விழுவதற்குள் சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு இன்னாண்ணா தெரியும்? உன் இங்க்கு, உன் ஸ்கேலு. நீ போடறதத்தான் அதுவும் போட்டுச்சு" என்றார்.

"அது கொழந்த. நீ படிச்சவன்தானே? பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதா? மூடுன லெட்டர வெச்சுக்கினு கடலத் தாண்டி வந்து நிக்கிற! வேலை போச்சேடா!"

சித்தப்பா அப்பாவின் கையை விட்டார்.

"அங்க வெச்சுப் பிரிக்க முடியலண்ணா" என்றார்.

அவ்வளவுதான். கப்பலில் ஏழு நாள், அதற்கு முன்னால் கப்பலுக்குக் காத்திருந்த மூன்று வாரம், எல்லா நேரமும் அந்தக் கடிதம் அவர் நெஞ்சுக்கு மேலேதான் இருந்திருக்கிறது. ஒரு விரலால் பிரித்திருந்தால் மஞ்சள் கொட்டியிருக்கும்.

வேலை போனது போனதுதான். கடைக்காரர் வேறு ஆள் வைத்துக்கொண்டார். எந்தத் தறியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாரோ அதே தறியில் சித்தப்பா உட்கார்ந்தார். கதை மட்டும் எங்கள் குடும்பத்தில் பெரிய வேடிக்கையாகிவிட்டது. எந்தக் கல்யாணத்திலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரு லெட்டரைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் சீமையிலிருந்து ஓடிவந்தவன் என்று சித்தப்பாவைக் கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான். என் மேல் இருந்த குற்றத்தை அந்தச் சிரிப்பு பாதியாகக் குறைத்தது.

நான் ஆக்லாந்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணி. சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் நல்ல வெயில். போன் அடித்தது. திரையில் தம்பியின் பெயர். அன்றைக்குத் துண்டில் சுற்றித் தெருவுக்கு வந்த அதே குழந்தை, இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. காஞ்சிபுரத்தில் அப்போது விடிந்திருக்காது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சும்மா போன் செய்ய மாட்டார்கள். சித்தப்பா பத்து நாளாகப் படுக்கையில் இருந்தார்.

அடித்து நின்றது. மறுபடி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ரொம்ப நல்லவள். நான் கத்தினால் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொள்வாள், டீ போட்டுக் கொடுப்பாள். ஆனால் நான் யாருக்காகக் கத்துகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. சித்தப்பா கன்றுக்குட்டியின் நிறம் கேட்டவர் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. செத்துப்போனவரைத் தெரிந்தவர்கள் ஒருவருமே இல்லாத இடத்தில் அந்தச் சேதியைத் தனியாக வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. தெருவில் நின்று "யாருண்ணா?" என்று கேட்டவருக்கு, தன்னோடு சேர்ந்து அழ அந்தத் தெரு வேண்டியிருந்தது. ஒன்பது வயதில் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றபோது அது எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் சிரித்தபோதும் தெரியவில்லை.

மூன்றாவது தடவை போன் அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன்.