நெரவி வேலியில் காய்த்த கிரீஸ்

பிரெஞ்சுக் கொடி பறக்கும் காரைக்கால் கடைவீதியில், ‘கிரேக்க நாட்டு உணவு இறக்குமதி, தயாரிப்பு’ என்று பலகை மாட்டிய கடையில் நிற்கிறேன். இறக்குமதியைக் காணோம்; தயாரிப்பு மும்முரமாக நடக்கிறது. பக்கத்து ஊரான நெரவியின் வேலிகளில் பறித்த களாக்காயை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, போத்தலில் அடைத்து, ‘ஆலிவ்’ என்று லேபிள் ஒட்டுகிறார்கள்.

“வெள்ளைக்காரர்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா?” என்று முதலாளி மரைக்காயரைக் கேட்கிறேன்.

“போன கப்பல்ல அசலே வந்துச்சுங்க. நம்மகிட்ட வாடிக்கையா வாங்குற தொரைசானிக்கு நம்ம காய்தான் பழக்கம். ஒண்ணைக் கடிச்சுட்டு, கலப்படம்னு பீப்பாயோட திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தா கெடக்கு, தின்னு பாருங்க.”

தின்று பார்க்கிறேன். ஒரே கசப்பு. துப்பிவிட்டு, களாக்காயிலேயே ஒரு போத்தல் கட்டச் சொல்கிறேன். ஊருக்குப் போய் அசல் கிரேக்கச் சுவை என்று அளக்க வேண்டுமே!