ங்கப்பொண்ணு டிராவல்ஸ்

என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி செல்லூரில் கார்களுக்குப் பெயர் ஒட்டுகிறவர். பின்கதவில் பிள்ளை பெயர், குலசாமி பெயர், கம்பெனிச் சின்னம், பக்கவாட்டுப் பட்டை எதுவானாலும் அவர்தான். பிளாஸ்டிக் தகட்டில் எழுத்து வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒட்டுவதில்தான் எங்களைச் சனியன் பிடித்தது.

போன சித்திரையில் ஒட்டியதெல்லாம் வரிசையாக விழுந்தது. "வெயிலுடி. வண்டி மேல தோசை சுடலாம் போல, பசை எப்புடி நிக்கும்?" என்றார். குயிக் பசை போட்டார். எழுத்தைச் சுற்றி வெள்ளை பூத்து, காய்ந்து உடைந்தது. சிலிக்கான் போட்டார், காய்வதற்குள் எழுத்து வழுக்கி இறங்கியது. இருபக்கமும் ஒட்டும் சாதா டேப் வெயிலில் இளகியது. கடைசியில் வெப்பம் தாங்கும் என்று சிவப்புத் தாள் மூடிய டேப்பைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். விலையைக் கேட்டு நான் அவரோடு பேச்சையே நிறுத்தினேன். அதுவும் விழுந்தது.

ஃபோனை எடுப்பது நான். வசவு வாங்குவதும் நான். திருமங்கலத்துச் சங்கிலி தன் அம்மா பெயரில் வேன் ஓட்டுகிறவர். அவர் போட்ட சத்தம் பக்கத்துத் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"என்னக்கா இது? எங்க ஆத்தா பேரு தங்கப்பொண்ணு. வேன்ல ங்கப்பொண்ணுன்னு நிக்கிது. ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாய்ங்க! இன்னொருக்கா விழுந்துச்சு, புது வேனெல்லாம் வேற கடைக்குத்தேன்."

திருமங்கலத்திலிருந்து எங்களிடம் வருகிற வண்டியெல்லாம் சங்கிலி சொல்லி வருவதுதான். அவர் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஆத்திரத்தில் வாட்ஸப்பில் வந்த புகார்ப் படங்களை மறுபடி பார்த்தேன். புது டேப் வந்த பிறகு விழுந்ததெல்லாம் முதல் எழுத்து மட்டுமே. மற்ற எழுத்துகள் கல்லு மாதிரி நிற்கின்றன. வெயிலுக்கு எழுத்து வரிசை தெரியுமா?

மறுநாள் பக்கத்தில் நின்று அவர் வேலையைக் கவனித்தேன். ஸ்பிரிட் போட்டு அழகாகத் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். முதல் எழுத்து வரும் இடத்தில் திருநீற்றைப் பூசி, "அப்பனே" என்று எழுத்தை அதன்மேல் வைத்து அமுக்கினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏங்க, சாம்பல்ல டேப்பு எப்புடிங்க ஒட்டும்?"

"விழக் கூடாதுன்னுதான்டி பூசுறேன்! சாமியவா கொற சொல்ற?"

அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஆனால் சங்கிலி வேனைக் கொண்டுவந்த அன்று, என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பொட்டலம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

ஒன்றுக்கு இரண்டு முறை துடைத்தார். த எழுத்தின் பின்னால் டேப்பைப் போட்டு, சிவப்புத் தாளை உரித்தார். வேனுக்குள் இருந்த சங்கிலியின் அம்மா தங்கப்பொண்ணு அப்போதுதான் இறங்கி வந்தார். இடுப்புப் பையிலிருந்து திருநீற்றை எடுத்து, துடைத்த இடத்திலேயே பட்டையாகப் பூசினார்.

"இந்தத் தடவையாவது எம் பேரு நிக்கட்டும்யா."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பிரிட் துணியை எடுத்தார்.

"ஆத்தா, இதத் தொடச்சுட்டுத்தேன் ஒட்டணும். இல்லாட்டி மறுபடி விழுந்துரும்." சொல்லிக்கொண்டே துடைத்துவிட்டார்.

அந்தம்மா முகம் செத்துப்போனது. "எம் பேருக்கு வச்ச துன்னூறையா தொடைக்கிற? டேய் சங்கிலி, வண்டிய எடுடா."

சங்கிலி எங்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவை ஏற்றி வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவர் நடுத்தெருவில் த-வைப் பிடித்தபடி நின்றார். டேப் விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"இப்ப என்னடி சொல்ற?" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து என் பேச்சை அவர் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகையாக வந்தது.