ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை

என் இடது சிறுநீரகம் தம்பியின் அடிவயிற்றில் ஒன்றரை வருஷம் வேலை செய்தது. என்னிடம் இருந்ததைவிட உன்னிடம் ஒழுங்காக உழைக்கிறது என்று அவனைக் கேலி செய்வேன்.

கூடப்பிறந்தவள் கொடுத்ததுதான், ஆனாலும் அவன் உடம்புக்கு அது அந்நியம். உடம்பு அதை எதிர்த்து அழிக்காமல் இருக்கக் காலையும் மாலையும் மாத்திரை, ஆயுசுக்கும். ஸ்டெம் செல்களை மாற்றியமைத்து உள்ளே செலுத்தினால் உடம்பின் எதிர்ப்பு தணியும், மாத்திரையே வேண்டியிருக்காது என்று ஆராய்ச்சி நடப்பதாக டாக்டர் ஒருமுறை சொல்லிவிட்டார். அதிலிருந்து போனில் பேசும்போதெல்லாம், "இன்னாக்கா, அந்த செல்லு வந்துச்சா?" என்பான். பழவேற்காட்டு பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, செல் வந்துவிடுமா என்று எரிந்து விழுவேன்.

மாதம் ஒருமுறை ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள். அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். நர்ஸ் என்னிடம் சொன்னதை நான் அவனிடம் சொன்னேன். முறை என்றால் அவனுக்கு முறைதான். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று எங்கள் ஊரில் வரிசை உண்டு. அதைப் பாடு என்போம். தன் முறை வருமுன் வலை இறக்கியவனை ஊர் சும்மா விடாது. தன் பாட்டுக்குப் போகாதவனுக்கு அது போனதுதான்.

எப்போதும் நான்தான் கூடப் போவேன். அந்த மாதம் நான் வேலை பார்க்கும் பொன்னேரி ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, லீவு கிடைக்கவில்லை. ரத்தம் கொடுக்க வேண்டிய அன்றைக்கே அவனுக்குப் பாடு. டயாலிசிஸ் காலத்தில் எத்தனையோ பாடு விட்டவன், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இறாலுக்குப் போய்விட்டான். அடுத்த வாரம் ரத்தம் கொடுப்பதாகப் போனில் சொன்னபோது கண்டபடி திட்டினேன். மாத்திரை போடுகிறாயா என்று மட்டும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் கால் வீங்கிப்போய் என்னோடு டாக்டர் முன் உட்கார்ந்தான். பையிலிருந்து அந்த வார மாத்திரை முழுவதையும் எடுத்து மேசையில் வைத்தான்.

"இன்னும் ரத்தம் குடுக்கலையே சார். குடுத்தப்புறம்தான் போடணும்னு அக்கா சொல்லிச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அன்று காலை ஒரு வேளைக்கு மட்டும்தான் அந்த விதி என்பதை நான் அவனுக்குச் சொல்லவே இல்லை. மாதாமாதம் கூடவே போனதால் சொல்ல வேண்டியும் வரவில்லை.

ஊசிமேல் ஊசி போட்டும் அந்தச் சிறுநீரகம் பிழைக்கவில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பாட்டுக்குப் போவதில்லை. ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன வாரம் அந்த செல் ஆராய்ச்சி பற்றிப் பேப்பரில் வந்திருந்தது. ஆசையாக போன் போட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன்.

"வரட்டும்க்கா. அப்ப எனக்குக் குடுக்க உங்கிட்ட இன்னா இருக்கு?"