பளபளத்த கைப்பிடி

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, படகின் கக்கூஸைப் பழுது பார்த்தது.

பாய்மரப் படகின் அடியில் ஒருவர் குந்தி உட்காரத்தான் இடம். அதில் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். குழாயைக் கழற்றியதும் உள்ளே அடைத்திருந்தது மகளின் முழங்கை வரை வழிந்தது. அவள் குடிநீர் வாரியத்தில் பம்பும் வால்வும் பார்க்கிறவள், நாற்றம் புதிதல்ல. இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா டார்ச்சைப் பிடித்தபடி, "பன்னெண்டு விருந்தாளிங்க ஏழு நாள் தின்னதும்மா. மரியாதையாப் பாரு" என்றார்.

பத்தொன்பது வருஷமாக அவர்தான் அந்தப் படகின் கேப்டன். கரையோரமாகப் போய், தீவு தீவாக நின்று, ஏழாம் நாள் திரும்புவது வேலை. 'உள்ளூர் வாழ்க்கையோடு கலந்திடுங்கள்' என்று படகின் விலாவில் எழுதியிருந்தது. நான்காம் நாள் வருவது பதினொரு வீடுகள் உள்ள ஒரு சின்னத் தீவு. அரை மணி முன்னதாகவே அப்பா ஹாரனை மூன்று முறை அடிப்பார். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் உள்ளே போகும். டிவியின் மேல் துணி விழும். வலைக்கார அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, ஆறு வருஷமாக முடியாத அதே வலையைப் பின்ன உட்காருவாள். மீன் பிடிக்கிற வலையை அவள் மகன் கடையில் வாங்கிவிடுவான். விருந்தாளிகள் அக்காவைப் படம் எடுப்பார்கள், சிப்பி வாங்கித் தின்பார்கள், குளிப்பார்கள்.

மகளுக்கு இந்தக் கூத்து பிடிக்காது. ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். அவங்களுக்கு அதுதாம்மா சோறு என்று அப்பா வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அந்தச் சோற்றில்தான் மண் விழ இருந்தது. போன மாதம் விருந்தாளிகள் முதலாளிக்குப் புகார் எழுதியிருந்தார்கள்: தீவின் கரை மலநாற்றம் நாறுகிறது, அங்கே உள்ளவர்களுக்குச் சுத்தம் தெரியாது. முதலாளி அடுத்த பருவத்திலிருந்து அந்தத் தீவை நீக்கச் சொல்லிவிட்டார். நாற்றம் இந்தப் படகின் கழிவுத் தொட்டியிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால்தான் தீவு தப்பும். அதற்குத்தான் அப்பா மகளை வரச் சொல்லியிருந்தார். கக்கூஸ் அடைப்பு ஒரு சாக்கு.

"வால்வு கசியுது போல. கசிவுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. நீ எழுதினா முதலாளி நம்புவார்."

அவள் வால்வைக் கழற்றினாள். ரப்பர் வளையம் புதிதுபோல இருந்தது. ஒரு சொட்டு கசிய வழியில்லை. அந்தத் தொட்டியை ஆழ்கடலில்தான் திறக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு முறை. அப்படித் திறக்கிற வால்வின் கைப்பிடி உப்பேறி இறுகிக் கிடக்கும். குறடு வைத்து நெம்ப வேண்டும். இது ஒரு விரலுக்கே திரும்பியது. பித்தளை, கோயில் மணி மாதிரி பளபளத்தது. தினமும் கைபட்டால்தான் அப்படி ஆகும்.

"எங்க திறப்பீங்க?"

அப்பா டார்ச்சை அணைத்தார். பிறகு சொன்னார். ஆழ்கடலுக்குப் போய்வர ஒரு மணி நேரம் கூடுதல். ஏழு மணிக்குச் சாப்பாடு மேசைக்கு வரவில்லையென்றால் முதலாளி ஃபோனில் குதிப்பார். அதனால் நங்கூரம் போட்ட இடத்திலேயே. எல்லாத் தீவிலும். அந்தச் சின்னத் தீவில், பாறை வளைத்த தண்ணீர் அசையாமல் கிடப்பதால் நாற்றம் தங்கிவிட்டது.

"கடல் பெருசும்மா."

"கடல் பெருசு. அக்கா சிப்பி பொறுக்கற இடம் நம்ம வீட்டு ஹால் அளவுதாம்ப்பா. உங்க கையால வாங்கித் தின்ன சோறெல்லாம் இப்ப குமட்டுது."

அவள் கையைக் கழுவிவிட்டு, படகின் காகிதத்திலேயே எழுதினாள். கசிவு இல்லை. வால்வு தினமும் தீவின் அருகில் திறக்கப்பட்டது. திறந்தவர் கேப்டன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு அவரிடம் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவள் உதவ மாட்டாள். அன்று ஒன்றாம் தேதி.

ஒன்பதாம் தேதி காலை, பயணம் முடிந்து வந்து, துறையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழவில்லை.

சாமான்களை எடுக்க மகள் போனாள். படகின் பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு சவரக் கத்தி. சட்டைப் பையில் அந்தக் காகிதம், நான்காக மடித்து, வியர்வையில் துணிபோல ஆகியிருந்தது. கையெழுத்து போட்டிருந்தார், தேதியோடு. இரண்டாம் தேதி. மூன்றாம் தேதிதான் பயணம் கிளம்பியது. கொடுக்க முழுசாக ஒரு நாள் இருந்திருக்கிறது. முதலாளியின் அறை துறைக்கு மேலேயே, பதினாறு படி. அவர் ஏறவில்லை.

அவள் ஏறினாள்.

முதலாளி கண்ணீர் விட்டார். உங்கப்பா மாதிரி நாணயமான மனுஷன் கிடைக்கமாட்டார் என்றார். காகிதத்தை இரண்டு விரலால் பிடித்துப் படித்தார். படித்ததும் விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"எட்டாம் தேதியே அடுத்த பருவத்துப் பயணப் புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சும்மா. அதுக்கு முன்னால வந்திருந்தா யோசிச்சிருக்கலாம். இப்ப இத வெச்சு நான் என்ன பண்றது?"

மேசையில் புதுப் புத்தகம் ஒரு கட்டு கிடந்தது. உள்ளே அந்தத் தீவு இல்லை. அட்டையில் வலைக்கார அக்கா சிரித்தாள், மூக்குக் கண்ணாடி இல்லாமல்.

மகளுக்கு அந்த மனிதர்மேல் வந்த அருவருப்பைவிட அப்பாமேல் வந்ததுதான் அதிகம். அவருக்காக அழ வேண்டிய நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில்தான் பின்பக்கத்தைப் பார்த்தாள். பென்சிலில் அப்பாவின் எழுத்து, கடைசிப் பயணத்துக்கான குறிப்பு. முதல் இரண்டு வேலைகளையும் முடித்துக் கோடு அடித்திருந்தார்.

முகப்பு விளக்குக்கு பல்பு.

அக்கா கண்ணாடிக்கு ஸ்குரூ.

சிப்பி எடுக்க வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லணும்.